இடிபாடுகள் சொல்லாத பாதி

மொரீசியசின் வடகிழக்குக் கரையோரம் பிராதோ தேசியப் பூங்காவின் காட்டுப் பாதையில் நடப்போர் பழைய சர்க்கரை ஆலையின் கற்சுவர்களைக் காண்கின்றனர். ஆயின் இடிபாடுகள் நடுநிலையான சான்றுகள் அல்ல. முதலாளியின் ஆலை கல்லால் ஆனது, நின்றது. தொழிலாளரின் குடிசை ஓலையால் வேயப்பட்டது, மறைந்தது.

1834 முதல் 1910 வரை ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவை அடைந்த ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியருள் சென்னை மாகாணத் தமிழரும் அடங்குவர். அவர்தம் பெயர், ஊர், வந்த கப்பல் ஆகியவற்றைக் குறித்த பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. அவற்றை விடுத்துக் கற்களை மட்டும் வாசிப்பது முதலாளியின் வரலாற்றையே மீண்டும் எழுதுவதாகும்.

அயல்மொழி எழுத்தரின் செவியில் சிதைந்த ஊர்ப்பெயர்களை மீட்கத் தமிழறிவு வேண்டும். அப்பணி தமிழ் ஆய்வாளர்க்கே உரியது.