புதுப் பெயின்ட் அடித்த பழைய கடை

கடைவீதியில் 40 வருடப் பழைய கட்டடம். கீழே இரண்டு கடை, மாடியில் ஒரு ஆபீஸ். விலை 80 லட்சம், மாதம் 35,000 ரூபாய் வாடகை வரும் என்கிறார் புரோக்கர். ரிட்டயர்மென்ட் பணத்தோடு வந்திருக்கும் தம்பதிக்கு அந்த 35,000தான் கண்ணில் நிற்கும். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லையே என்று தோன்றாது.

பார்க்கப் போகிறவர்கள் மொட்டை மாடியில் தொடங்குவது நல்லது. அதுவும் மழை பெய்த மறுநாள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, தட்டோடுகளுக்கு நடுவே விரிசல் உண்டா என்று பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கு நேர் கீழே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். முடியாது என்று சொன்னால், அதுவும் ஒரு பதில்தான்!

தூணையும் உத்தரத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது பழைய மேஸ்திரிகளின் வழக்கம். கெட்டியான சத்தம் வந்தால் பரவாயில்லை. பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கான்கிரீட் உப்பி, கம்பி போகும் வழியிலேயே வெடித்துப் பெயர்கிறது. மேலே சிமென்ட் பூசினால் பார்வைக்குச் சரியாகிவிடும், துரு நிற்காது. பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேய்ந்த இடத்தில் புதுக்கம்பி கட்டித்தான் பூச வேண்டும். இந்த வேலைக்கு மேஸ்திரியின் கண்ணளவு போதாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்த்து எழுதித் தர வேண்டும். கடன் தரும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து போனாரே என்றால், அவர் வந்தது வங்கியின் பணத்துக்காக.

வயரிங், செப்டிக் டேங்க், ஷட்டர் எல்லாம் அடுத்தடுத்து வரும். பழைய வயரிங்கில் ஏ.சி.யும் ஃப்ரீசரும் ஓடுமா என்பதை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் தனியாகக் கேட்டுவிட வேண்டும்.

இப்போது கணக்கு. மராமத்துக்கு ஒப்பந்தக்காரர் 9 லட்சம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 18% ஜி.எஸ்.டி. தனி என்றால் இன்னும் 1,62,000. வேலை முடிய 6 மாதம் கடை பூட்டிக் கிடந்தால் போகிற வாடகை 2,10,000. ஆக 12,72,000 ரூபாய். வருட வாடகையே 4,20,000தான். அதாவது, வாங்கிய முதல் மூன்று வருட வாடகையைக் கட்டடமே தின்றுவிடும்! கடன் வாங்கியிருந்தால் தவணை அதுவரை காத்திருக்காது. சுவரை உடைத்த பிறகு தெரியவரும் வேலைக்கென்று கொஞ்சம் சேர்த்து வைப்பதும் அவசியம்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேச்சுக்கு உட்கார வேண்டும். ஏற்கெனவே குடியிருக்கும் கடைக்காரர் கொடுத்து வைத்திருக்கும் முன்பணத்தையும் அதே தாளில் எழுதிக்கொள்வது நல்லது. அவர் காலி செய்யும் நாளில், அதைக் கேட்டு வந்து நிற்பது புது ஓனரின் வாசலில்தான்.