சிறு விமானத்துக்கு யார் பொறுப்பு?

1910இல் மதராசில் ஹோட்டல் நடத்திவந்த தாஞ்ஜெலிஸ் என்ற கார்சிகாக்காரர், சிம்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைச் செய்யவைத்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். பிறகு தீவுத்திடலில் ஊரைக் கூட்டி, டிக்கெட் போட்டுப் பறந்து காட்டினார். அந்த விமானம் பறக்கத் தகுதியானதா என்று கேட்க அன்று ஓர் அலுவலகமும் கிடையாது. செய்வித்தவரும் ஓட்டியவரும் விழுந்தால் அடிபடப்போகிறவரும் ஒருவரே.

அந்தப் பல்லாவரம் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று இந்த மாவட்டத்தில் விமானம் என்று பேச்செடுத்தால் பரந்தூரில்தான் போய் நிற்கும்: ஏரியும் வயலும் போகிறதே என்ற ஏகனாபுரத்தாரின் போராட்டம் ஒரு பக்கம், பெரிய விமான நிலையம் வந்தே தீர வேண்டும் என்ற வாதம் மறுபக்கம். சில நூறு மீட்டர் ஓடுபாதையில் எழும்பிவிடும் இரண்டு இருக்கைச் சிறு விமானத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அமெரிக்கா 2004இல் இலகுரக விளையாட்டு விமானம் என்று ஒரு வகையைத் தொடங்கியது. எடை 600 கிலோவுக்குள், இருக்கை இரண்டுக்குள். பெரிய விமானங்களைப் போல ஆண்டுக்கணக்கில் அரசுச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; தொழில்துறையினர் கூடி வகுத்த தரத்துக்கு இது பொருந்துகிறது என்று தயாரிப்பாளரே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். 2025 ஜூலையில் அந்த விதிகள் இன்னும் தளர்ந்தன. இந்தியாவிலும் இந்த வகை விதிகளில் இடம்பெற்றுவிட்டது. பெங்களூரின் ராஜ்ஹம்ச நிறுவனம் செய்த சிறு விமானம் அமெரிக்காவிலேயே இந்த வகையில் விற்பனைக்குப் போயிருக்கிறது. செய்யும் கை நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் தயாரிப்பாளர் தானே கொடுக்கும் சான்றை எவ்வளவு நம்பலாம்? காஞ்சிபுரத்துக்காரரிடம் கேட்டால் பதில் கிடைக்கும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. பட்டு முத்திரை 2004இலேயே வந்தது. அப்படியிருந்தும் விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விலைபோகிறது. கடைக்காரர் தரும் அட்டையைவிட, ஜரிகையில் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று ஊடுகதிர்க் கருவி சொல்லும் கணக்குத்தான் வாங்குபவரைக் காப்பாற்றுகிறது. சேலையில் ஏமாந்தால் பணம் போகும், அவ்வளவுதான். விமானத்தில் ஏமாந்தால் உயிரே போகும். அங்கேயும் தயாரிப்பாளர் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு சோதனைக் கருவியும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் இருந்தாக வேண்டும்.

நம் நாட்டிலோ சிக்கல் எதிர்முனையில். மும்பையில் வீட்டு மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய அமோல் யாதவ் பதிவுக்கு விண்ணப்பித்தது 2011இல். பதிவு கிடைத்தது 2017இல். பறந்து பார்க்க அனுமதி வந்தது 2019இல். காது கேளாத, வாய் பேச இயலாத இடுக்கிக்காரர் சஜி தாமஸ் தன் கையால் செய்த சிறு விமானம், 2014இல் நம் அம்பாசமுத்திரம் அருகே மணிமுத்தாற்றில்தான் பறந்தது. ஓட்டியவர் விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரி. சஜியின் கதை பின்னர் மலையாளத்தில் சினிமாவானது. இத்தகையவர்களைக் கைதட்டி அனுப்பிவிடுகிறோம். அவர்கள் செய்ததைச் சோதித்துச் சொல்ல ஒரு வழி அமைத்துத் தருவதில்லை.

சான்றிதழ் ஒருநாள் வேலை. பராமரிப்புதான் விமானத்தின் ஆயுள் முழுக்க. சிறு விமானங்களில் பரவலாக இருப்பது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 இன்ஜின். என்சிசி மாணவர்களுக்காகவும் சேர்த்து இந்தியா 2015இல் ஒப்பந்தமிட்ட 194 பிபிஸ்ட்ரல் விமானங்களிலும் இதுதான். எரிபொருள் குழாய், குளிர்நீர்க் குழாய் போன்ற ரப்பர் பாகங்களை, விமானம் பறந்தாலும் கொட்டகையில் கிடந்தாலும், 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். இந்த இன்ஜின் கார் பெட்ரோலில் ஓடும்தான். ஆனால் எத்தனால் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது ரோட்டாக்ஸின் விதி. இன்று நம் பங்க்குகளில் கிடைப்பதோ 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். சரி, விமானப் பெட்ரோலை ஊற்றலாம் என்றால் அதில் ஈயம் இருக்கிறது. 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் ஆயிலை 50 மணி நேரத்திலேயே மாற்ற வேண்டிவரும். எத்தனால் கொள்கை வகுத்தவர்களுக்கு இந்த இன்ஜின் ஞாபகம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

துணி போர்த்திய இறக்கை என்றால் கவலை வேறு. வெயில் பட்டுப் பட்டு பாலியஸ்டர் இழை வலுவிழக்கும்; கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டனில் ஊசிமுனைக் கருவியால் துணியைக் குத்தி இழுத்துப் பார்த்து, தாங்கினால்தான் பறக்க விடுகிறார்கள். கையில் எடுத்ததுமே இழையின் தரம் சொல்லும் நெசவாளர்கள் உள்ள ஊரில் இந்த வேலைக்கு ஆள் பஞ்சம் வராது. பயிற்சிக்குத்தான் பஞ்சம்.

அமெரிக்க விதியின் சிறப்பே இங்கேதான். தன் விமானத்தைத் தானே ஆண்டுச் சோதனை செய்ய விரும்பும் உரிமையாளருக்கு 16 மணி நேரப் பயிற்சி. அடுத்தவர் விமானத்தையும் பழுதுபார்க்க 2004இல் வகுத்த விதிப்படி 120 மணி நேரம். இந்தியாவில் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெற ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டும். அப்படிப் படித்தவர் பெரிய விமான நிறுவனத்துக்குப் போவாரா, வயலோரக் கொட்டகையில் ரப்பர் குழாய் மாற்ற வருவாரா? ஆள் கிடைக்காத இடத்தில் பதிவேட்டில் மட்டும் பராமரிப்பு நடக்கும். கடுமையான விதியைவிட ஆபத்தானது, கடைப்பிடிக்க முடியாத விதி.

அமெரிக்க முறையை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அங்கே தயாரிப்பாளர் கடையை மூடிவிட்டால் பாதுகாப்பு அறிவுறுத்தல் அனுப்ப ஆளில்லை. மாற்றம் செய்ய அனுமதி தரவும் ஆளில்லை. அந்தப் பொறுப்பை ஏற்க அரசு சார்ந்த ஓர் அமைப்பு இங்கே முதலிலேயே இருக்க வேண்டும். தேசிய வான்வெளி ஆய்வகத்தின் ஹன்சா போன்ற விமானங்களைச் சோதித்த அனுபவம் நம்மிடம் உண்டு. புதிய ஹன்சா 2022 பிப்ரவரி, மார்ச்சில் கடல்மட்டச் சோதனைக்காகப் பறந்தது பக்கத்துப் புதுச்சேரியில்தான்.

காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 45 கோடி ரூபாயில் ஆளில்லா விமானங்களுக்கான சோதனை மையத் திட்டம் கையில் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆள் ஏறும் சிறு விமானத்தையும் அங்கே சோதிக்க இடம் தர வேண்டும். அதன் அருகிலேயே குறுகிய காலப் பராமரிப்புப் பயிற்சியையும் தொடங்க வேண்டும். 1934ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2025 ஜனவரி முதல் புதிய வான்கலச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்கீழ் விதிகளைத் திருத்தும்போதே சிறு விமானப் பராமரிப்பாளருக்குத் தனி உரிமம் கேட்டு தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் தமிழக அரசும் டெல்லிக்கு எழுத வேண்டும்.