பைன் மரத்துப் புழுவும் ஆயக்குடி கொய்யாவும்

டிஸ்கி: கம்ப்யூட்டர்ல ஆணி புடுங்குறவன் விவசாயம் எழுதுறான். விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிகள் மன்னிச்சு, தப்பு இருந்தா சொல்லுங்க :-)

கொடைக்கானல் போய் பைன் காட்டுல போட்டோ எடுக்காத ஆள் உண்டா? அந்த ஜாதி மரத்தை உள்ளேயிருந்தே காய வைக்கிற நூற்புழு ஒண்ணு உலகத்துல இருக்கு. நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஜப்பான்ல 1900களோட தொடக்கத்துலயே நாகசாகி பக்கம் பைன் மரங்கள் காய ஆரம்பிச்சிடுச்சு. மரத்தைத் துளைக்கிற வண்டுங்க மேல பழி போட்டாங்க. புழுதான் கொலையாளி, ஒரு வகை வண்டு அதை ஏத்திட்டுப் போற வண்டி மட்டும்தான்னு தெளிவானது 1971-க்கு அப்புறம். அதுக்குள்ள அறுபது வருஷம் போச்சு. பின்னாடி 1982-ல சீனா, 1999-ல போர்ச்சுகல்.

அதனால இப்பல்லாம் மரத்துல துளை போட்டு, சீவல் எடுத்து, தண்ணி ஊத்தின புனல்ல ராத்திரி பூரா ஊற வச்சு, கீழே இறங்குற புழுக்களை இனம் பிரிச்சுக் கணக்கெடுக்கிறாங்க. ஏன் இனம் பிரிக்கணும்? அச்சு அசலா அதே மாதிரி இருக்கிற, ஆனா பெரிசா கெடுதல் பண்ணாத சொந்தக்காரப் புழு ஒண்ணும் அதே மரத்துல குடியிருக்கும். "புழு இருக்கு"ன்னு மட்டும் சொன்னா பத்தாது. எந்தப் புழு?

மலைமேல இருக்கிற பைனை விடுங்க. கீழே நம்ம கொய்யாவுக்கு வருவோம். எனக்கு வயித்தெரிச்சலே அதுலதான்.

கொய்யா வேர்ல முடிச்சுப் போடற நூற்புழு ரொம்ப காலமா இருக்கு. ஆனா 2016-ல கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க தமிழ்நாட்டுக் கொய்யாவுல கண்டு எழுதினது வேற ஆளு: மெலாய்டோகைன் என்டரோலோபி. 1983-ல சீனாவோட ஹைனான் தீவுல இருந்து விவரிக்கப்பட்ட இனம். 2001 வாக்குல பிரேசில் கொய்யாவுல கண்டுபிடிச்சாங்க, அங்க தோட்டம் தோட்டமா அழிச்சிருக்கு. மேலோட்டமாப் பார்த்தா பழைய புழு மாதிரியேதான் இருக்கும். ஆனா வேர்முடிச்சைத் தாங்கும்னு விக்கிற தக்காளி ரகத்தைக் கூட இது சாப்பிட்டுடும். கொய்யாவோட நிக்காது சாமி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் கத்திரியும் அனுப்புறவங்களும் இதுல இருக்காங்க.

ஆயக்குடி தாண்டி எங்க தாய்மாமாவுக்கு ரெண்டு ஏக்கர் கொய்யா. இலை பழுத்து, காய் சிறுத்து, மரம் ஒவ்வொண்ணா பட்டுப்போகுது. "தண்ணி பத்தலை மாப்ளே"ன்னார். தோண்டிப் பார்த்தா வேர் பூரா இஞ்சி மாதிரி முடிச்சு. முடிச்சு விழுந்த வேர்ல வாடல் நோய்ப் பூஞ்சையும் சேர்ந்துக்கும், அப்புறம் மரம் எழுந்திரிக்காது. கன்னு வாங்கின நர்சரிலயே மண்ணோட சேர்ந்து வந்திருக்கணும்னு எனக்குச் சந்தேகம்.

வேப்பம்புண்ணாக்கு, செண்டுமல்லி ஊடுபயிர், பேசிலோமைசிஸ் பூஞ்சாணம்னு வைத்தியம் இருக்கு. குறைக்கலாம், ஒழிக்க முடியாது. புழு புகுந்த மண்ணைக் கழுவிக் கொடுக்கிற ஆள் யாரும் கிடையாது. அதனால காசும் ஆளும் தோட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி நர்சரிக்குப் போகணும்னு சொல்றேன். கொய்யாக் கன்னு விக்கிற ஒவ்வொரு நர்சரிலயும் வருஷா வருஷம் வேரும் மண்ணும் எடுத்து, எந்த இனம்னு பேரோட சோதிச்சு, ரிசல்ட்டை வாசல்ல ஒட்டணும். புனலும் ரப்பர் ட்யூபும் என்ன ராக்கெட்டா? கோவைல நூற்புழுவியலுக்குத் தனித் துறையே இருக்கு. இனம் பிரிக்க டிஎன்ஏ சோதனைக்குச் செலவாகும்தான், ஒத்துக்கிறேன். ரெண்டு ஏக்கரைப் பிடுங்கிப் போட்டு மறுபடி நடறதுக்கு ஆகிற செலவையும் பக்கத்துல எழுதிப் பாருங்க.

மாமா அடுத்த மாசம் நூறு கன்னு வாங்கப் போறார். ரெண்டு பையைக் கிழிச்சு வேரைக் கழுவிக் காட்டினாத்தான் காசுன்னு சொல்லச் சொல்லியிருக்கேன். "அப்படிக் கேட்டா எவன்டா கொடுப்பான்"ங்கிறார்.