பழைய பட்டையில் உயரும் ஜீப்

கீரிப்பாறை, மாறாமலைப் பக்கம் எஸ்டேட் பாதையில் ஏறும் ஜீப்புகளுக்குப் பாறையில் அடி தட்டுவதுதான் பெரிய தொல்லை. புது கமான் செட்டுக்குக் கை கடிக்கும்போது, பழைய இரும்புக் கடைப் பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து வண்டியை உயர்த்திவிடலாம். செலவு குறைவுதான், கவனம்தான் அதிகம் வேண்டும்.

அகலமும் வளைவும் பொருந்த வேண்டும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்தப் பட்டை வேண்டாம். வெட்டுகத்தி அடிக்கக் கொல்லனிடம் கொடுத்துவிடலாம். வெல்டிங் வைக்கவே கூடாது. சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் கெட்டு, பாரத்தோடு ஏறும்போது அங்கேதான் ஒடியும்.

கமானால் உயர்வது பாடி மட்டுமே. அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பழைய உயரத்தில்தான் இருக்கும். அது உயர பெரிய டயர்தான் வழி.

வேலை முடிந்ததும் ஜாக்கி போட்டு, சக்கரம் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். உயரம் கூடினால் வளைவில் கவிழும் ஆபத்தும் கூடும்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. தொழிலாளர்களை ஏற்றும் வண்டியென்றால், பட்டை வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.