முதலில் உறக்கமும் அப்பமும்

"சுவாமி, எனக்கு இப்ப செபம் சொல்லவும் ஏலாமல் கிடக்கு" என்று ஒரு தாய் எம்மிடம் சொன்னார். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், வரிசையில் நின்றபடி, பெரிய குற்றமொன்றை ஒப்புக்கொள்பவரைப் போலச் சொன்னார். 2009 ஆம் ஆண்டின் பிற்பகுதி. இடம் செட்டிகுளத்து முகாம்களில் ஒன்று. அன்று நாம் கொடுத்த பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. விசுவாசத்தில் தளரக்கூடாது, இன்னும் உருக்கமாக மன்றாடுங்கள் என்றோம். அதோடு, பிற்பகல் மூன்று மணிக்கு நாம் கூட்டியிருந்த மாதர் கூட்டத்திற்கும் தவறாமல் வரச் சொன்னோம்.

வந்தார். கூட்டத்தின் நடுவே இருந்தபடியே உறங்கிவிட்டார். நாம் பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தோம். பக்கத்திலிருந்த பெண், "விடுங்கோ சுவாமி, அவ விடியப்புறம் ரண்டு மணிக்கே தண்ணிக்கு எழும்பினவ" என்றார்.

குருமடத்தில் நாம் பல ஆண்டுகள் படித்தோம். சோம்பல் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று என்பதை விளக்கமாகப் படித்தோம். களைப்பைப் பற்றி ஒரு பாடமும் இருக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதை எமக்குக் கற்பித்தவர்கள் விவசாயக் குடும்பங்களே.

இக்கட்டுரையை வாசிக்கும் உங்களில் பலருக்கு எத்தனை தடவை இடம்பெயர்ந்தோம் என்பது விரல்விட்டு எண்ண வேண்டிய கணக்கு. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்கள், அதே ஆண்டு ஐப்பசியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்கள், 1995 ஐப்பசியில் ஓரிரவில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்கள், பின்னர் வன்னியில் 2008, 2009 இல் குளத்தை விட்டுக் குளம், தரப்பாளை விட்டுத் தரப்பாள் என்று கடற்கரை வரை போனவர்கள். மீள்குடியேற்றத்தோடு களைப்பு தீர்ந்ததா என்றால் இல்லை. வயலுக்குப் போனால் வரம்பைக் காணவில்லை. காணி உறுதி எங்கோ தொலைந்துவிட்டது. காடு வெட்டிப் பயிர் வைத்தால் யானை. பயிருக்கு வாங்கிய நுண்கடனுக்கு கிழமை தோறும் வாசலில் ஆள். போதாததற்கு 2021 இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்தார்கள். இத்தனையையும் சுமந்த ஒருவர் கோவிலில் முழந்தாளில் நின்று கண் சொருகினால், அதை விசுவாசக் குறைவு என்று சொல்ல எமக்கு என்ன உரிமை?

விவிலியத்தில் எலியாவின் கதையை எடுத்துப் பாருங்கள் (1 அரசர் 19). அவர் சோம்பேறியல்லர், கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர்களை எதிர்த்துத் தனித்து நின்றவர். அவரே அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி நாட்டை விட்டு ஓடினார். இடம்பெயர்ந்தார் என்றே நாம் சொல்லலாம். பாலைநிலத்தில் ஒரு நாள் வழி நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் இருந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்டார். அப்படியே படுத்து உறங்கிவிட்டார்.

வானதூதர் வந்தார். கண்டிக்கவில்லை, போதிக்கவுமில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். தலைமாட்டில் தணற்கல்லில் சுட்ட அப்பமும் ஒரு சாடித் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிட்டார். அதற்கும் தடையில்லை. இரண்டாம் முறை எழுப்பி, போக வேண்டிய வழி தூரமானது என்பதால் இன்னும் உண்ணச் சொன்னார். அதன் பின்னரே நாற்பது நாள் நடையும், ஓரேபு மலையும், காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இல்லாத கடவுளின் மெல்லிய ஒலியும். நாமோ பல வேளைகளில் ஓரேபு மலையிலிருந்தே தொடங்கிவிடுகிறோம். அப்பத்தையும் உறக்கத்தையும் அரசாங்க நிவாரணத்தின் பொறுப்பென்று விட்டுவிடுகிறோம்.

தான் ஒருவனே மிஞ்சியிருப்பதாக எலியா முறையிட்டபோது, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றார் ஆண்டவர். அத்தோடு அவருடைய பணியைத் தொடர ஓர் ஆளையும் காட்டினார். எலிசா என்னும் அந்த மனிதன் பன்னிரண்டு ஏர்கள் உழுத வயலில் கடைசி ஏரின் பின்னால் நின்றவன். கமக்காரன்.

எமது தமிழில் 'இளைப்பாறுதல்' என்று ஒரு சொல் உண்டு. இளைப்பு ஆறுவது. உழுத நிலத்தை ஆறப்போடுவது போல. ஆறப்போட்ட நிலம் சும்மா கிடக்கிறது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். மாற்கு நற்செய்தியில் இயேசு சொன்ன உவமையிலும் விதைத்தவன் இரவில் உறங்குகிறான். விதை எப்படி முளைக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அவன் கண்விழித்துக் காவல் இருந்ததால் அது முளைக்கவில்லை. ஆண்டவரும் புயலில் படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்கியவரே.

"ஓய்வெடுத்தால் கூலியை யார் தருவது சுவாமி?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு தோட்டக் கூலிக்குப் போகும் ஒருவரிடம் ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கம் செய்வது கொடுமை. ஆனால் ஓய்வுநாள் கட்டளையைக் கவனமாக வாசித்தால், அது முதலில் அவருக்குச் சொல்லப்பட்டதல்ல என்பது தெரியும். மாட்டையும் கழுதையையும் வேலையாளையும் வைத்திருப்பவனுக்கே அது சொல்லப்படுகிறது: அவர்களும் உன்னைப்போல இளைப்பாறட்டும் என்று. இணைச்சட்ட நூல் காரணத்தையும் தருகிறது. எகிப்தில் நீயும் அடிமையாக இருந்தாய் என்பதே அது. ஓய்வு ஒரு நீதிப் பிரச்சினை. பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோதும், ஏழாம் நாள் ஓய்வதற்காக ஆறாம் நாளிலேயே இரண்டு மடங்கு கிடைத்தது. உணவை உறுதிப்படுத்திய பிறகே ஓய்வைக் கேட்டார் கடவுள்.

எனவே பங்குகளிலும் அபிவிருத்தி வேலையிலும் இருக்கின்ற எம்மவர்களிடம் வெளிப்படையாகவே கேட்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானம் வைக்க வேண்டாம். கடன் சங்கக் கூட்டமும் வேண்டாம். மற்ற நாட்களில் கூட்டம் வைத்தால் ஒரு மணித்தியாலத்திற்குள் முடியுங்கள். வருபவருக்குத் தேநீரும் ஏதாவது கடிக்கவும் கொடுங்கள். பழைய பிடியரிசி வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சமைக்கும்போது ஒரு பிடி ஒதுக்கினால், ஒரு பங்கில் நான்கு ஐந்து குடும்பங்களாவது ஞாயிறன்று கூலிக்குப் போகாமல் இருக்கலாம். செபமாலை ஐம்பத்து மூன்று மணியையும் சொல்ல முடியாதவர் ஒரு பத்துடன் நிறுத்தட்டும். அதுவும் முடியாவிட்டால், அவருக்காக அயல்வீட்டார் சொல்லட்டும். முடக்குவாதக்காரனை நால்வர் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு பேசினார்.

மடுவை நினைத்துப் பாருங்கள். 1670 இல் ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்குத் தப்பி மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய மக்கள் அன்னையின் திருச்சொரூபத்தையும் தூக்கிக்கொண்டு போனதால் உண்டான இடம் அது. அத்திருச்சொரூபமே 2008 சித்திரையில் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து ஆவணியில் திரும்பியது. அங்கே போகும் எமது மக்கள் என்ன செய்கிறார்கள்? மரத்தடியில் பாய் விரிக்கிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள், பிள்ளைகளோடு படுத்து உறங்குகிறார்கள். பிரசங்கத்தின் பாதியை அவர்கள் கேட்பதில்லை என்று குறைப்படும் குருக்கள் உண்டு, நாமும் குறைப்பட்டிருக்கிறோம். ஆனாலும் அவர்கள் வீடு திரும்பும்போது முகம் தெளிந்திருக்கிறது.

அந்தத் தாயை முகாம்கள் மூடப்பட்ட 2012 இன் பின்னர் அவருடைய ஊரில் ஒருநாள் சந்தித்தோம். தகரக் கொட்டில், முற்றத்தில் காயப்போட்ட உழுந்து. செபம் சொல்கிறீர்களா என்று கேட்கவில்லை. நித்திரை வருகிறதா என்று கேட்டோம்.

"இப்ப கொஞ்சம் வருது சுவாமி" என்றார். உழுந்தைக் கையால் ஒதுக்கிப் பாயின் ஒரு மூலையில் எம்மை இருக்கச் சொல்லிவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.