உரிய காலத்தில் உதிர்வன

நம் சங்கத்து அன்பர் ஒருவர் எழுதியுள்ள கடிதமே இத்திங்கள் நமக்குப் பொருளைத் தந்தது. அவருடைய தாயார் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறார். ‘சாக வேண்டிய அணுக்கள் சாகாமல் தங்கிவிட்டன; அவற்றைச் சாகச் செய்வதற்கே இம்மருந்து’ என்று மருத்துவர் கூறியதைக் கேட்ட அம்மூதாட்டியார் அன்று முதல் மனங்கலங்கி இருக்கிறாராம். உடம்பு பிழைப்பதற்குச் சாவு எதற்கு என்பது அவர் வினா. வினா நேரியது, விடையும் அச்சந் தருவதன்று.

நமது உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆயது. அவற்றுள் நாள்தோறும் பல்லாயிரம் கோடி மடிகின்றன. புதியன தோன்றி அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. இம்மடிவு பெரும்பாலும் நோயாலோ காயத்தாலோ நேர்வதன்று. ஏவல் பிறந்ததும், தன்னுள்ளேயே அமைந்திருக்கும் ஓர் ஏற்பாட்டின்படி, அணு தன்னைத் தானே முடித்துக்கொள்கிறது. கருவிலிருக்கும் குழவியின் கை முதலில் துடுப்புப் போன்றே காணப்படும். ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் இடையிலுள்ள அணுக்கள் மடியவே, விரல்கள் தனித்தனியே பிரிகின்றன. வாத்தின் காலில் இம்மடிவு குறைவாதலால், அங்கே தோல் தங்கி நீந்துவதற்கு உதவுகிறது. தலைப்பிரட்டை வாலிழந்து தவளையாவதும் இவ்வாறே.

1972ஆம் ஆண்டில் கெர், வைலி, கர்ரி என்னும் அறிஞர் மூவர் இதற்கு ‘அபொப்டோசிஸ்’ என்று பெயரிட்டனர். பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கார்மக். மரத்தினின்று இலையும், மலரினின்று இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நம்மைக் கேட்டிருந்தால் இன்னும் சுருக்கமாகவே கொடுத்திருப்போம்! ‘வீ’ என்னும் ஓரெழுத்துச் சொல் தமிழில் மலரையும் குறிக்கும், அழிவையும் குறிக்கும்.

தீப்பட்டோ அடிபட்டோ ஓர் அணு சாகும்போது, அது வீங்கி வெடித்து, உள்ளிருந்தவை அக்கம்பக்கத்தில் சிதறுகின்றன. அதனால் அவ்விடம் சிவந்து வலிக்கிறது. திட்டமிட்ட சாவோ, நல்ல குடித்தனக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்வதைப் போன்றது. (மாற்றல் உத்தரவு வந்து ஊர் ஊராகப் பெயர்ந்த நம்மவர்க்கு இவ்வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.) அணு சுருங்குகிறது. காஸ்பேஸ் என்னும் கத்தரிபோன்ற புரதங்கள் விழித்தெழுந்து உட்பொருள்களை நறுக்குகின்றன. நறுக்கியவை சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. எடுத்துச் செல்லலாம் என்பதற்குரிய அடையாளம் மேற்பரப்பில் தோன்றியதும், துப்புரவு செய்யும் அணுக்கள் வந்து அவற்றை விழுங்கிவிடுகின்றன. வீக்கமுமில்லை, வடுவுமில்லை.

இவ்வேற்பாடு மரபணுக்களில் பொறிக்கப்பட்டது என்பதை நமக்குக் காட்டியது, ஒரு மில்லிமீட்டர் நீளமேயுள்ள ஒரு நூற்புழு. இனப்பெருக்க அணுக்கள் நீங்கலாக அதன் உடலில் தோன்றும் 1090 அணுக்களுள் 131 மடிந்து, 959 எஞ்சுகின்றன. எந்த 131 என்பதுகூடப் புழுவுக்குப் புழு மாறுவதில்லை. இதனை ஆராய்ந்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோர் 2002இல் நோபல் பரிசு பெற்றனர். புழுவின் சாவு மரபணுக்களுக்கு ஒப்பானவை மனிதரிடத்தும் உள்ளன.

ஏவல் பிழைத்தால் நோய். மார்புக்குள்ளிருக்கும் தைமஸ் சுரப்பியில், நம் உடலையே பகையெனக் கருதும் வெள்ளணுக்கள் களையப்படுகின்றன. தப்பியவை தம் உடலையே தாக்கக்கூடும். பார்க்கின்சன் நோயிலோ, மடியக்கூடாத நரம்பணுக்கள் மடிகின்றன.

புற்றுநோயில் நேர்வது சாக மறுத்தல். பி53 என்னும் புரதம் அணுவுக்குள் ஒரு காவலன். டி.என்.ஏ. இழை சிதைந்த அணுவை அது நிறுத்தி வைக்கும். சீர்ப்படாதாயின் மடியப் பணிக்கும். மனிதருக்கு வரும் புற்றுக்கட்டிகளுள் ஏறத்தாழப் பாதியில் இக்காவலன் பழுதுற்றிருக்கக் காண்கிறார்கள். வேறு சிலவற்றில் பிசிஎல்-2 என்னும் புரதம் மிகுந்து, சாவின் வாயிலையே அடைத்துவிடுகிறது. இப்புரதம் அணுக்களைச் சாகாமல் காப்பது என்பதை 1988இல் மெல்போர்ன் நகரில் வாக்ஸ், கோரி, ஆடம்ஸ் ஆகியோர் கண்டறிந்தனர்.

புற்றுநோய் மருந்துகள் பலவும், கதிர்வீச்சும், டி.என்.ஏ. இழையைச் சிதைத்து அணுவுக்குச் சாவாணை பிறக்கச் செய்பவை. விரைந்து பெருகும் முடிவேர் அணுக்களையும் அம்மருந்துகளுள் பல தாக்குவதால் தலைமுடி உதிர்கிறது. அம்மூதாட்டியாரைப் பெரிதும் வருத்துவது இதுவே என்று கடிதம் கூறுகிறது. முடியைத் தோற்றுவிக்கும் மூல அணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆதலின் சிகிச்சை முடிந்த சில திங்களில் முடி மீண்டும் வளர்வதே வழக்கம். மருந்து தம்மைக் கொல்கிறது என்று அவர் கருத வேண்டுவதில்லை. அவ்வாறு கருதிச் சிகிச்சையை நடுவில் நிறுத்துவோர் உண்டு. நமது கவலையெல்லாம் அதுவே.

அடைபட்ட வாயிலைத் திறக்கும் மருந்தும் இப்போது வந்துள்ளது. பிசிஎல்-2இன் பிடியைத் தளர்த்தும் வெனிடோகிளாக்ஸ் என்னும் மாத்திரை 2016இல் அமெரிக்காவில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பெற்றது. வாயில் திறந்தவுடன், நெடுங்காலம் தேங்கிக் கிடந்த அணுக்கள் ஒருங்கே மடியத் தொடங்குகின்றன. துப்புரவுக்கு அடங்காத அளவில் அவை மடிந்தால் கழிவுப்பொருள்கள் சிறுநீரகங்களைக் கெடுக்கும். ஆகவே அந்நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என்று தொடங்கி, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே, ஐந்து வாரங்களில் 400 மில்லிகிராமுக்கு உயர்த்துகிறார்கள்.