நூறிலிருந்து முந்நூறுக்கு

மாலையானால் எங்கள் வீட்டில் நெட் இழுக்கும். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். "நூறு எம்பிபிஎஸ் பிளான்ல இருக்கீங்க சார், முந்நூறுக்கு மாத்தினா சரியாயிடும்" என்றார் அந்தப் பெண். மாற்றினேன். பில் ஏறியது. செய்திப் பக்கம் பழையபடி நொண்டிக்கொண்டே திறந்தது.

எம்பிபிஎஸ் கூடினால் இணையம் வேகமாகும் என்று எல்லோரும் நம்புகிறோம். கடைவீதி பேனரில் இருப்பதும் அந்த ஓர் எண்தான். அது குழாயின் அகலம். ஒரு சினிமாவை இறக்க உதவும். வலைப்பக்கம் திறப்பது வேறு சங்கதி. சர்வரோடு இணைய ஒரு தடவை போய்வர வேண்டும், ரகசியப் பூட்டுக்கு இன்னொரு தடவை. அப்புறமும் சர்வர் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாது. முதலில் பத்து பேக்கெட், அதாவது பத்து சிறு தரவுப் பொட்டலங்கள், சுமார் 15 கிலோபைட். வந்து சேர்ந்ததாகப் பதில் கிடைத்தால் இருபது, பிறகு நாற்பது. போய்வர 100 மில்லிவிநாடி ஆகும் தொலைவில் சர்வர் இருந்தால், 100 கிலோபைட் பக்கத்துக்கு அரை விநாடி பயணத்திலேயே போய்விடும். குழாயை மும்மடங்காக்கினாலும் அது குறையாது. 2010-இல் கூகுளின் மைக் பெல்ஷி அளந்து பார்த்தார்: 5 எம்பிபிஎஸ்ஸை 10 ஆக்கியதில் பக்கம் திறக்கும் நேரம் மிச்சமானது சுமார் 5 சதவீதம்.

சரி, மாலையில் மட்டும் ஏன் இழுக்கிறது? ஒரு பேக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் போட்டுப் பார்த்தேன். 20 மில்லிவிநாடி. மகனின் போன் அன்றைய படங்களை மேலே ஏற்றத் தொடங்கியதும் 300, 600, 800! பிளானில் முந்நூறு என்பது டவுன்லோடுக்கு மட்டும். அப்லோடு அப்படியேதான் இருந்தது. மெமரி மலிந்த தைரியத்தில் மோடத்துக்குள் பெரிய பஃபரை, அதாவது பேக்கெட்டுகள் காத்திருக்கும் இடத்தை, வைத்துவிடுகிறார்கள். பேக்கெட் தொலைந்தால்தான் நெரிசல் என்று அனுப்புகிற கருவிக்குத் தெரியும். பஃபரோ எதையும் தொலைக்காமல் வரிசையில் நிறுத்திக்கொண்டே போகிறது. பிங்கும் செய்திப் பக்கமும் அந்த வரிசையின் வாலில். தன் வீட்டிலேயே இதைக் கண்டுபிடித்த கணினி நிபுணர் ஜிம் கெட்டிஸ், பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார்.

நெரிசல் இணையத்துக்குப் புதிதல்ல. 1986-இல் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் 400 கஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. ஆயிரங்களில் 40 அல்ல, வெறும் நாற்பது. அதைச் சரிசெய்த ஆராய்ச்சியாளர்கள் வான் ஜேக்கப்சனும் மைக்கேல் காரல்ஸும் தடித்த கம்பி கேட்கவில்லை. நெரிசல் தெரிந்தால் அனுப்புவதைக் குறைத்துக்கொள்ள கணினிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதே ஜேக்கப்சன் 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸோடு சேர்ந்து கோடெல் முறையைத் தந்தார். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. பேக்கெட் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது என்று பார்க்கிறது. 5 மில்லிவிநாடிக்கு மேல் காத்திருப்பு நீடித்தால் பேக்கெட்டை எறிந்து, அனுப்புகிறவனுக்கு உறைக்க வைக்கிறது.

இரண்டு எம்பிபிஎஸ்ஸில் திணறும் வீட்டுக்கு அகலம் தேவைதான், மறுக்கவில்லை. நூறு இருக்கிற வீட்டுக்கு முந்நூறை ஏன் விற்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

பரணில் கிடந்த பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருளை ஏற்றி, கோடெல் வழிவந்த வரிசை முறையை இயக்கினேன். படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிங் 30-ஐத் தாண்டவில்லை. பழைய பிளானுக்கே திரும்ப மறுபடி போன் போட்டேன்.

"ஏன் சார், ஸ்பீடு போதலையா? ஐந்நூறு இருக்கே" என்றார்கள்.